மதகை மூடியது யார்

நத்தம் வட்டாரத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில், அந்தக் கோடையில் 'மூடிய மதகு' நாவலை முடிக்காமல் இருந்தவன் அழகுமலை ஒருவன்தான். அதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வேலாயுதத்தின் புளி மண்டியில் பகலெல்லாம் மூட்டை சுமக்கிற உடம்பு. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் எழுத்துக் கூட்டக் கற்ற கண். வரிக்கு அடியில் விரலை வைத்து, ஏர் ஓட்டுகிறவன் மாதிரி ஒரு கடைசிக்குப் போய்த் திரும்பி அடுத்த சாலுக்கு வருவான். வாய்விட்டுத்தான் படிக்க வரும். வாயை மூடினால் எழுத்தும் மூடிக்கொள்ளும்.

"வாசகரே, மௌனமாக வாசித்தால் விரைவாக வாசிக்கலாம்" என்று ஏடு தினமும் புத்தி சொல்லும்.

"ஒனக்கென்ன அவசரம். பஸ்ஸுக்கா போகப்போற" என்பான் அழகுமலை.

ஏடு என்பது கதைக் கம்பெனி ஆளுக்கொன்றாக இனாமாகக் கொடுத்த பலகை. முறத்தில் பாதி அகலம், அப்பளத்தின் கனம். கட்டைவிரலை ஓரத்தில் வைத்தால் விழித்துக்கொள்ளும். உள்ளே ஊர்ப்பட்ட கதைகள். ஒவ்வொரு கதைக்கும் அடியில் 'வாசகர் கருத்து' என்று ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் நுழைந்தால் தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி சனம் நின்று பேசிக்கொண்டிருக்கும்.

'மூடிய மதகு' வந்ததும் மற்ற கதைகளை எல்லாம் சீந்துவாரில்லை. ஒரு பெரிய கண்மாய். தண்ணீர் தளும்பி நிற்கிறது, கீழே வயல் வெடித்துக் கிடக்கிறது. மதகு மூடியிருக்கிறது. திறக்கப் போன மடைக்காரன் திரும்பி வரவில்லை. மூடியது யார், அந்தக் கைக்குப் பின்னால் இருக்கிற கை யாருடையது என்பதுதான் கதை. ஊரில் எல்லோர் மேலும் சந்தேகம் விழும். கொத்து வேலைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி பெண், வளையல் விற்க வந்து ஊரோடு தங்கிவிட்டவள், நெல்மண்டியில் மூட்டை தூக்குகிறவன், கார் வைத்திருக்கிற பண்ணைக்காரர். படித்தவர்கள் எல்லாம் கருத்துச் சந்தில் போய் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தார்கள். மண்டி முதலாளி வேலாயுதம்கூடக் கல்லாப் பெட்டியடியில் உட்கார்ந்து, வந்த வியாபாரியைக் கவனிக்காமல் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

அழகுமலை மட்டும் இன்னும் பாதிக் கதையில் நின்றான்.

"என்னண்ணே, இன்னும் மதகுக்கிட்டயே போகலையா" என்று கேட்டுச் சிரிப்பது மண்டிக் கொட்டகையில் ஒரு பொழுதுபோக்காக இருந்தது. பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. அதுதான் அவனுக்குப் புரியவில்லை.

கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் புளி தட்டினார்கள். ஓடு நீக்கி, நார் உரித்து, கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிக் கொட்டையைத் தெறிக்கவிடுகிற வேலை. கைதான் வேலை செய்யும். காதும் வாயும் சும்மா கிடக்கும். அதனால் அழகுமலை எழுத்துக் கூட்டக் கற்ற நாளிலிருந்தே, மூட்டை வேலை ஓய்ந்த நேரத்தில் நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவான். அவன் ஒரு சேதியை முடிப்பதற்குள் அவர்கள் அதற்குப் பத்துத் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். ஏடு வந்தபின் ஆளாளுக்கு மடியில் தனிக்கதை. யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரும்தான் அந்த வருஷம் ஒரு துணிச்சலுக்குக் கிளம்பியிருந்தார்கள். துவரங்குறிச்சி ரோட்டுப் புளியமரங்களின் மகசூலை ஏலத்தில் தாங்களே எடுப்பது. அழகுமலையின் மனைவி சோலையம்மாள்தான் குழுத் தலைவி. மரம் தங்கள் கைக்கு வந்தால் புளியும் தங்கள் புளி, கூலியும் தங்கள் கூலி. அழகுமலையும் வேலாயுதத்தின் மாடிக் கிட்டங்கிக்கு மூட்டை சுமந்து படியேற வேண்டியதில்லை. தரையில் உட்கார்ந்து சாக்குத் தைத்து, அதன் மேல் மையால் பெயர் எழுதிக்கொண்டிருக்கலாம். இடுப்பு அவனிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் குழுவாக ஏலம் கேட்டால் குழுவில் எல்லோரும் வந்து கையெழுத்துப் போடவேண்டும். ஒருத்தி குறைந்தாலும் ஏலத்துக்குள் விடமாட்டார்கள். அது ஒரு பக்கம். மறுபக்கம் வியாபாரிகள். ஏலத்துக்கு முன்பே அவர்கள் கூடிப் பேசி, எந்த ரோடு யாருக்கு என்று முடிவு செய்துவிடுவது வழக்கம். வெளியாள் ஒருவன் வாய் திறந்தால் எல்லோரும் சேர்ந்து விலையை ஏற்றி அவனை விரட்டுவார்கள். அந்த நட்டத்தையும் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்வார்கள். அது ஊர் அறிந்த ரகசியம்.

நாளை ஏலம். கொட்டகையிலோ பன்னிரண்டு முதுகுகள் பன்னிரண்டு திசையில் திரும்பியிருந்தன.

காலையில் கஞ்சி குடிக்கும்போது அழகுமலை மெல்லக் கேட்டான்.

"ஏத்தா, ஆண்டிச்சி நாளைக்கு வருவாள்ல?"

சோலையம்மாள் ஊறுகாயை வைத்த வேகத்தில் தட்டு சுற்றியது. "அவ பேச்ச எடுக்காதீக. நாம ஏலத்துக்குப் போற சேதி முதலாளிக்குத் தெரிஞ்சிருக்கு. என்னயப் பாத்து அன்னைக்குப் பக்கப்பல் தெரிய ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. யாரு சொல்லியிருப்பா? கதையிலயும் அப்பிடித்தான். கூடவே இருந்த மேஸ்திரி பொண்ணுதான் மதக மூடுனவ. நான் முதல்லயே நெனச்சேன்."

"நான் இன்னும் அங்கிட்டு வரலடி. சொல்லித் தொலச்சிட்டியே."

"நீங்க என்னைக்கு வந்து, என்னைக்குத் தெரிஞ்சு."

ஆண்டிச்சியும் சோலையம்மாளும் ஒரே நாளில் மண்டிக்கு வேலைக்கு வந்தவர்கள். கொட்டகையில் யார் எங்கே உட்காருவது, யாருக்கு எந்தச் சாக்கு என்று அதட்டி வேலை வாங்குகிறவள் ஆண்டிச்சி. வாய்தான் கொஞ்சம் நீளம். அதற்காக அவளா? அழகுமலை பாதிக் கஞ்சியோடு எழுந்தான்.

மண்டியில் தண்ணீர்ப் பானையடியில் நூர்ஜகான் நின்றாள். வழக்கமாக அவனைக் கண்டால் அவளே செம்பை நீட்டுவாள். அன்றைக்குச் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"என்ன தங்கச்சி, தண்ணிக்குமா பஞ்சம்?"

"மூட்டை தூக்குறவுகளுக்கு முதலாளியே மோரு குடுப்பாரு. எங்க தண்ணி எதுக்கு."

"ஏ நூரு, நேராப் பேசு."

அவள் நின்று திரும்பினாள். "நேராவே கேக்குறேன். நாங்க ஏலத்துக்குப் போறத முதலாளிகிட்டச் சொன்னது நீங்கதானண்ணே? பெட்டியடிக்கும் கொட்டகைக்கும் போய்ட்டு வர்றது நீங்க ஒருத்தர்தான். கதையிலயும் மூட்டை தூக்குறவன்தான மதக மூடுனான். அதப் படிச்சப்பவே எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு."

அழகுமலை கவிழ்த்த செம்பை எடுத்துத் தானே தண்ணீர் மொண்டு குடித்தான். கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு வேறொன்று வந்தது.

"மூடுனது மேஸ்திரி பொண்ணுன்னுல்ல சோலை சொன்னா?"

"யாரு? அந்த அப்பிராணியா? அது மடைக்காரனக் கட்டிக்கப் போற பொண்ணுண்ணே. கடைசியில அழுதுக்கிட்டு நிக்கும்."

நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று அவனுக்கு முதலில் சந்தேகம் தன் மேலேயே வந்தது. பிந்தி வந்த எழுத்து, எங்கேயாவது ஒன்றைத் தாண்டியிருப்பேன். தன் ஏட்டை எடுத்துக் கருத்துச் சந்தைத் திறந்தான். முதலில் நின்றது 'கொட்டாம்பட்டி வாசகி'. விரல் வைத்துப் படித்தான். "மூடியது யார் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் நினைக்கிற ஆள்தான்."

"நான் யாரையும் நெனைக்கலையே" என்றான்.

நூர்ஜகான் எட்டிப் பார்த்தாள். "இது அந்தக் கொட்டாம்பட்டிக்காரிதான? அவ அப்பிடி எழுதலண்ணே. இங்க பாருங்க." தன் ஏட்டைத் திறந்து காட்டினாள். அதே பெயர், அதே நட்சத்திரம். "மூட்டை தூக்குகிறவன் மேல் எனக்கு முதல் பக்கத்திலிருந்தே சந்தேகம். நான் நினைத்தபடியே ஆனது."

இரண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த வழியாக ஆண்டிச்சி முறத்தோடு வந்தாள்.

"ஆண்டிச்சி, ஒன் ஏட்டக் கொஞ்சம் காட்டு."

"எதுக்கு? உம்ம பொண்டாட்டி வேவு பாக்கச் சொன்னாளா மாமா?"

"அட காட்டு தாயி."

காட்டினாள். அதே கொட்டாம்பட்டி வாசகி. "வளையல்காரியைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் பிழைக்க வந்தவளை நம்பக்கூடாது."

நூர்ஜகானின் பாட்டனார் காலத்தில் அந்தக் குடும்பம் வளையல் பெட்டியோடுதான் நத்தத்துக்கு வந்தது. அவள் ஆண்டிச்சியை நிமிர்ந்து பார்த்தாள். ஆண்டிச்சி முறத்தைப் பார்த்தாள்.

"அதான் ரெண்டு வாரமா எங்கிட்டப் பேசலையாக்கும்" என்றாள் நூர்ஜகான்.

ஆண்டிச்சி முறத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கொட்டகைக்குள் நடந்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்ததும், அழகுமலை நடுவில் சாக்கை விரித்தான். யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே விரித்தான்.

"எல்லாரும் முடிச்சுட்டீக. நான்தான் பாக்கி. மிச்சத்த நான் இங்கனயே சத்தமாப் படிக்கப்போறேன். காத மூடுறவுக மூடிக்கங்க."

"தெரிஞ்ச கதைய எதுக்குக் கேக்கணும்" என்றாள் சோலையம்மாள் முதுகைக் காட்டியபடி.

"தெரிஞ்சதுதான? அப்ப நான் தப்பாப் படிச்சாத் திருத்து."

அவன் கட்டைவிரலை ஓரத்தில் வைத்தான். ஏடு விழித்தது. கடைசி அத்தியாயத்துக்குத் தாவினான். காணாமல் போன அண்ணனைத் தேடி மடைக்காரனின் தம்பி அரிக்கேன் விளக்கோடு கண்மாய்க் கரையில் நிற்கிறான். மதகின் மறைவில் ஓர் உருவம் அசைகிறது. அழகுமலை ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் படித்தான். கட்டைகளின் தட்டு மெதுவானது.

"அங்கே... நின்றது... மே...ஸ்திரி..."

"பாத்தியா" என்றாள் சோலையம்மாள்.

"எவடி சொன்னது? வளையல்காரிதான் நிப்பா" என்று ஆண்டிச்சி பழைய வேகத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அழகுமலையின் விரல் அதே இடத்தில் இருந்தது. விரலுக்கு முன்னால் இருந்த எழுத்துகள், காற்றில் தவிடு நகர்வதுபோல் நகர்ந்தன. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். 'அங்கே நின்றது வளையல்காரி' என்று இருந்தது.

"மாறுது" என்றான்.

"என்னது மாறுது?"

"எழுத்து. நான் படிக்கப் படிக்க முன்னால ஓடி மாத்திக்கிருது. வேகமாப் படிக்கிறவுகளுக்குத் தெரியாது. நான் நின்னு நின்னு போறதால கண்ணுல அம்பிட்ருச்சு. நூரு, நீ ஏதாச்சும் சொல்லு."

நூர்ஜகான் அவன் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள். "மூட்டை தூக்குறவன்" என்றாள் மெல்ல. "கோவிச்சுக்காதீகண்ணே."

மறுபடியும் தவிடு நகர்ந்தது. இந்த முறை மூன்று நான்கு பேர் எழுந்து வந்து அவன் தோளுக்கு மேல் பார்த்தார்கள். மூட்டை தூக்குகிறவன் மதகடியில் நின்றான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் நடையில் ஒரு நொண்டலும் சேர்ந்தது.

"அடப் பாவி. இது ஒம்ம நடையேதான் மாமா" என்றாள் ஆண்டிச்சி.

யாரோ சிரித்தார்கள். கொட்டகையில் ரொம்ப நாளைக்குப் பின் கேட்ட சிரிப்பு.

அழகுமலை ஏட்டை உயர்த்தி, ஆளிடம் கேட்பதுபோல் கேட்டான். "ஏப்பா, உண்மையில மூடுனது யாரு?"

"தங்களுக்கு மனநிறைவு தரும் ஆள்தான், வாசகரே."

"எனக்கு எது மனநிறைவுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தங்கள் கண் எந்தச் சொல்லில் நிற்கிறது, கட்டைவிரலில் நாடி எங்கே துடிக்கிறது என்று கவனிக்கிறேன். வீட்டில் தாங்கள் யாரைப் பற்றி வருந்திப் பேசுகிறீர்கள் என்பதையும் கேட்கிறேன். எல்லாம் தங்கள் வாசிப்பு இன்பத்துக்காக."

"அப்ப என் ஏட்டுல?" என்றாள் சோலையம்மாள். அவள் எழுந்து வந்துவிட்டிருந்தாள்.

"ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் கதை. ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் கருத்துரைகள். தம்மை மறுக்கும் கருத்தை வாசகர்கள் விரும்புவதில்லை."

"அப்ப கொட்டாம்பட்டிக்காரின்னு ஒருத்தி இருக்காளா இல்லையா?"

"தாங்கள் விரும்பினால் இருக்கிறார்."

ஆண்டிச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவ சொல்ற ஒவ்வொண்ணுக்கும் நான் நெஞ்சத் தொட்டு ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே. என் நாத்தனார்கூட அவ்வளவு ஒத்துப்போனதில்ல."

ஏடு கொஞ்சம் தடுமாறிய குரலில் பேசியது. "வாசகரே, இங்கே பல குரல்கள் கேட்கின்றன. வாசகர் யார் என்று தெரிவிக்கவும்."

"நாங்கதான்" என்றாள் நூர்ஜகான்.

"ஒருவர் மட்டும் பதில் சொல்லவும்."

"ஒருத்தரு இல்ல. ஒரு கொட்டகை."

கொஞ்ச நேரம் பலகை வெளுத்துக் கிடந்தது. பிறகு புதுப் பக்கம் வந்தது. அழகுமலை விரல் வைத்தான். இந்த முறை மதகடியில் நின்றவர் பண்ணைக்காரர். கார் வைத்திருந்தவர், கழுத்தில் தடித்த சங்கிலி, சிரித்தால் ஒரு பக்கப் பல் மட்டும் தெரியும். அச்சு அசல் வேலாயுதம். கொட்டகையே கைதட்டியது. பின்னால் இருந்து ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள். பெட்டியடியில் இருந்த வேலாயுதம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தன் ஏட்டில் குனிந்துகொண்டார்.

"இதுதாண்டி நெசம்" என்றாள் ஆண்டிச்சி.

சோலையம்மாள் கைதட்டவில்லை. முதலாளியின் அந்தப் பக்கப்பல் சிரிப்பு ஒன்றை வைத்துத்தான், வேறு சாட்சி இல்லாமல், அவள் ஆண்டிச்சியைச் சந்தேகப்பட்டாள். இப்போது அதே சிரிப்பை ஏடு எழுதிக் காட்டுகிறது.

"நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா இது நம்ம வாயப் பாத்துட்டுத்தான் எழுதுது. தனித்தனியா இருந்தப்ப நம்மளயே நமக்குக் காட்டுச்சு. கூடுனதும் அவரக் காட்டுது. நாம சொல்றதையே நமக்குத் திருப்பிச் சொல்றதுக்கு ஒரு புஸ்தகம் எதுக்குடி? அதுக்கு மலையடிவாரத்துல போய்க் கத்துனாப் போதாதா?"

கைதட்டல் அடங்கியது. "நல்லாத்தான இருந்துச்சு" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "வேணாம், மாத்து" என்றாள் ஒருத்தி. "இருக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி. பலகை மறுபடியும் வெளுத்தது. இந்த முறை வெகுநேரம்.

"ஒத்த கருத்துக் கிடைக்கவில்லை" என்றது கடைசியில். "ஆசிரியர் எழுதிய மூல முடிவு ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் வாசித்தவர்கள் ஏமாற்றம் என்று கருத்துச் சொன்னதால் அதை யாருக்கும் காட்டுவதில்லை. வேறு வழி இல்லாததால் காட்டலாமா?"

"ஏமாந்து பழகுனவுகதான் நாங்க. காட்டு" என்றாள் ஆண்டிச்சி.

அழகுமலை படித்தான். இந்த எழுத்து நகரவில்லை. விரலுக்கு முன்னால் கல்லில் வெட்டியதுபோல் நின்றது. மடைக்காரனின் தம்பி மதகுக்குள் இறங்குகிறான். அங்கே யாரும் இல்லை. மதகை யாரும் மூடவும் இல்லை. பல வருஷத்து வண்டல் ஏறி, கரையில் நின்ற மருதமரத்தின் வேர் உள்ளே நுழைந்து மதகுப் பலகையைக் கவ்விப் பிடித்திருந்தது. அந்த வேரில்தான் அண்ணன் சிக்கி இறந்து கிடந்தான். தண்ணீருக்குள் மூழ்குகிற மடைக்காரன் இடுப்பில் கயிறு கட்டி, கரையில் நிற்கிற ஒருவன் கையில் முனையைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவான். அண்ணனுக்கு ஊரில் எல்லோர் மேலும் சந்தேகம். கயிற்றை யாரிடமும் கொடுக்காமல் இறங்கினான். கயிறு அவன் இடுப்பிலேயே சுற்றியபடி இருந்தது.

அழகுமலை நிறுத்தினான். மண்டி வாசலில் லாரிக்காரன் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் கவனிக்கவில்லை.

"இதுக்கா ஏமாற்றம்னாக" என்றாள் நூர்ஜகான்.

சோலையம்மாள் தன் கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், ஆண்டிச்சியின் கல்லுக்குப் பக்கத்தில் போட்டாள். "தள்ளி உக்காருடி."

"ஏன், வேவு பாக்கவா?"

"ஆமா. கிட்டக்க இருந்து பாக்குறேன்."

ஆண்டிச்சி தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்சம் புளியை அள்ளிச் சோலையம்மாளின் முறத்தில் போட்டாள். பிறகு யாரையும் பார்க்காமல், "நூரு, ஒன் செம்புல கொஞ்சம் தண்ணி குடு" என்றாள்.

"மொதலாளிகிட்ட மோரு கேளு" என்று சொல்லிக்கொண்டே நூர்ஜகான் மொண்டுவரப் போனாள்.

மறுநாள் ஏலம் நடக்கிற இடத்தில் வேப்பமர நிழலெல்லாம் வியாபாரிகள். பன்னிரண்டு பேரும் வரிசையாகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அழகுமலை வேலிக்கு வெளியே நின்றான். குழு ஒன்றாக நின்றுவிட்டது, சரி. வியாபாரிகள் கூட்டை என்ன செய்வது? அவர்கள் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டால் பன்னிரண்டு பேரும் வெறுங்கையோடு வேலாயுதத்தின் கொட்டகைக்கே திரும்பவேண்டும். அவர் அப்புறம் என்ன சிரிப்புச் சிரிப்பாரோ.

துவரங்குறிச்சி ரோட்டு மரங்களை அழைத்தார்கள். சோலையம்மாள் கேட்டாள். அவள் குரல் முதலில் உடைந்தது. ஆண்டிச்சி பின்னாலிருந்து அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "கயிறு என் கையில இருக்கு. கேளுடி" என்றாள். சோலையம்மாள் இரண்டாம் தரம் கேட்டபோது வேலிக்கு வெளியே இருந்தவனுக்கும் தெளிவாகக் கேட்டது.

வேலாயுதம் ஏற்றிக் கேட்டார். சோலையம்மாள் அதற்கு மேல் கேட்டாள். வேலாயுதம் வழக்கம்போலப் பக்கத்து மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கட்டத்தில் அங்கிருந்து இன்னொருவர் எழுந்து விலையைத் தூக்கவேண்டும். யாரும் எழவில்லை. அப்போதுதான் அழகுமலை ஒன்றைக் கவனித்தான். வியாபாரிகள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து உட்காரவில்லை. ஆளுக்கொரு மரம். ஆளுக்கொரு திசை. ஒவ்வொருவர் கக்கத்திலும் ஒரு ஏடு.

வேலாயுதம் தொண்டையைச் செருமினார். "என்னய்யா பழனியாண்டி, பேசுனபடி நடக்க மாட்டியா?"

"நீரு பேசுனபடி நடந்தவரா?" என்றார் அந்த வியாபாரி, எழாமலே. "உம்மள மாதிரி ஒருத்தன எனக்குத் தெரியும்யா. கூட்டாளியாவே இருந்து கடைசியில மதக மூடுனவன்."

"நானா? மூடுனது தரகு பாக்குறவன்யா. உம்மள மாதிரி."

"ரெண்டு பேரும் சேந்துதான்" என்றார் மூன்றாவது மரத்தடிக்காரர். "நான் முதப் பக்கத்துலயே கண்டுபிடிச்சேன்."

ஏல அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏலத்தப் பத்திப் பேசுங்க" என்றார். வேலாயுதம் இன்னும் ஒரு தரம் தனியாக ஏற்றினார். சோலையம்மாள் மேலே போனாள். அவர் மறுபடி வாயைத் திறந்தபோது, "விடுங்கய்யா, அந்தம்மாக்களே எடுக்கட்டும், இந்தாளுக்குப் போகக்கூடாது" என்று வியாபாரிகள் பக்கமிருந்தே ஒரு குரல் வந்தது. வேலாயுதம் குரல் வந்த பக்கம் திரும்பி முறைத்தார். யார் சொன்னது என்று ஒவ்வொரு முகமாகத் தேடினார். அந்தத் தேடலிலேயே மூன்றாம் தரமும் சொல்லி முடித்து மரம் குழுவுக்கு என்று எழுதிவிட்டார்கள்.

குலவைச் சத்தம் பஸ் நிலையம்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அழகுமலை வேலியைத் தாண்டி உள்ளே போனான். இடுப்பு வலித்ததா என்று அவனுக்கு ஞாபகம் இல்லை.

வெளியே கரும்புச்சாறு குடித்தபடி நின்றபோது நூர்ஜகான் கேட்டாள். "அக்கா, ஒவ்வொருத்தருக்கும் வேற வேற கதைன்னு அந்த வியாபாரிககிட்டச் சொல்லணுமா?"

சோலையம்மாள் சாற்றைக் குடித்து முடித்தாள். "நான் அப்பவே போய் முதலாளிகிட்டச் சொன்னேன்டி. ஏலம் முடிஞ்ச கையோட. உங்க ஏட்டையும் அவுக ஏட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்கன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"உன்ன யாரு அனுப்புனதுன்னு கேக்குறாரு."

அந்த வருஷம் மரங்கள் கொம்பு தாழக் காய்த்தன. உலுக்கி, பொறுக்கி, காயவைத்துத் தட்டிய புளி குழுவின் புதுக் கொட்டகையில் மூட்டை மூட்டையாக ஏறியது. அழகுமலை தரையில் உட்கார்ந்து கோணி ஊசியால் வாய் தைத்தான். நடுநடுவே படித்தும் காட்டினான். பேப்பரும் சரி, கதையும் சரி, இப்போது ஒரே பலகையில், எல்லோருக்கும் சத்தமாக. மற்றப் பலகைகள் அவரவர் வீட்டு அடுப்படியில் ஜாடிகளுக்கு மூடியாக இருந்தன.

ஒரு நாள் ஏடு கேட்டது. "வாசகரே, 'மூடிய மதகு' பற்றித் தாங்கள் இன்னும் கருத்துச் சொல்லவில்லை."

எல்லோரும் கூடி யோசித்தார்கள். வாய்ச்சண்டை போட்டார்கள். கடைசியில் ஒத்துப்போன ஒரு வரியை அழகுமலை விரலால் எழுத்து எழுத்தாகக் கோர்த்து அனுப்பினான்.

"நன்றி. தங்கள் கருத்து இதே கருத்துள்ள வாசகர்களுக்கு மட்டும் காட்டப்படும்."

"அப்ப நாமதான் பாத்துக்கிறணும்" என்றாள் ஆண்டிச்சி. "கிழிஞ்சது."

அழகுமலை ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தான். பிறகு எழுந்துபோய் மைக் குடுவையையும் தட்டைப் பிரஷையும் எடுத்துவந்தான். சாக்கின் மேல் குழுவின் பெயரும் ஊரும் எழுதவேண்டிய வேலை பாக்கி இருந்தது. பெயரை எழுதினான், ஊரை எழுதினான். அதற்குக் கீழே, மதுரைக்கும் கம்பத்துக்கும் மலைக்கு அந்தப் பக்கமும் போகப்போகிற ஒவ்வொரு மூட்டையிலும், யார் கண்ணுக்கும் மாறாத கறுப்பு மையில் அந்த வரியையும் எழுதினான்.

'மூடிய மதகு. நல்ல கதை. கயிறு பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு படிக்கவும்.'